வாசகர் கேள்வி பதில்: மனநல ஆலோசனை யாருக்கு?

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலைப்பகுதியிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்துக்கு, குன்னூரில் பதினெட்டு ஆண்டுகளாக மனநல ஆலோசகராகப் பணியாற்றிவரும் நம் பத்தியாளர் இம்மாதம் பதிலளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்களும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 48. எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. மகள் பெங்களூருவில் வேலை பார்க்கிறாள், மகன் கோவையில் படிக்கிறான். பெரிய கடன் இல்லை, வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கமும் இல்லை. ஆனாலும் ஒரு வருடமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் அப்புறம் உறக்கமில்லை. கொழுந்து எடுக்கப் போனால் கை பறிக்கிறது, மனம் எங்கோ கிடக்கிறது. 'கவுன்சலிங் போங்கள்' என்கிறாள் மகள். 'நமக்கென்ன பைத்தியமா' என்கிறார் வீட்டுக்காரர். என் அம்மா என்னைவிட எவ்வளவோ பட்டவர். அவர் எந்தக் கவுன்சலிங்குக்கும் போகவில்லையே. முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசினால் சந்தோஷம் வந்துவிடுமா?
— வாசகி, கோத்தகிரி வட்டம்

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது; அதிலிருந்தே தொடங்குகிறேன். சந்தோஷத்தை ஒருவர் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்துவிட முடியாது. அப்படித் தருவதாகச் சொல்லும் ஆலோசகரிடம் நீங்கள் போகவும் வேண்டாம். 'ஆலோசனை' என்ற சொல்லைக் கேட்டதும் யோசனை சொல்வார்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். யோசனை சொல்ல வீட்டிலும் தெருவிலும் ஆளுக்கா பஞ்சம் என்று அதைத் தள்ளியும் விடுகிறார்கள். இந்தப் பணிக்கு நம் அரசு அறிவிப்புகளில் 'ஆற்றுப்படுத்துநர்' என்ற சொல் வழங்குகிறது. ஆறு என்றால் வழி. ஒரு வள்ளலிடம் சென்று பரிசில் பெற்று மீண்ட கலைஞன், எதிரே வறுமையோடு வருகிற இன்னொரு கலைஞனுக்குத் தான் போய்வந்த வழியைச் சொல்லி அனுப்புவதைத்தான் சங்க இலக்கியம் ஆற்றுப்படை என்றது. இலங்கைத் தமிழர் இதையே 'உளவளத்துணை' என்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்தான் மிகவும் பிடிக்கும், ஏனெனில் அதில் துணை இருக்கிறது.

உங்கள் அம்மா கவுன்சலிங்குக்குப் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் யாரிடமும் பேசாமலே இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து எடுத்த காலத்தில், பக்கத்து வரிசைப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமல், கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, மாமியாரின் சொல்லையும் தங்காமல் போன பிள்ளையையும் அடுத்த வாரத்துக் கவலையையும் சொல்லித் தீர்க்க ஓர் இடம் இருந்தது. இழவு வீட்டில் ஒப்பாரி இருந்தது. இறந்தவருக்காக அழத் தொடங்கிய பெண் தன் துயரத்தையும் சேர்த்து அழுதுவிட்டு எழுந்தாள். இன்று அந்த வரிசைகளில் ஆள் இல்லை. இயந்திரம் கொண்டு கொழுந்து வெட்டும் தோட்டங்களில் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடுவதற்கே கத்த வேண்டியிருக்கிறது. அன்றும் சொல்ல முடியாமல் உள்ளேயே வைத்திருந்து நோயாளியாகிப் போன பெண்கள் இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அவர்களை நாம் 'பேய் பிடித்தவள்' என்றும் 'சிடுமூஞ்சி' என்றும் சொல்லி ஒதுக்கினோம்.

பல ஆண்டுகளுக்கு முன் உங்கள் வயதை ஒத்த ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய இசைவோடு, அடையாளத்தை மாற்றி இதை எழுதுகிறேன். ஐப்பசி மழை. வாசலில் குடை வைக்க வாளி இருந்தும் அவர் ஈரக் குடையை மடியிலேயே வைத்துக்கொண்டு, அதன் பட்டியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்பதை மூன்று முறை சொன்னார். இரண்டாம் வாரமும் ஏறக்குறைய அப்படியே போயிற்று. மூன்றாம் வாரம் பேச்சோடு பேச்சாக, பிள்ளைகள் வெளியூர் போய் இரண்டு வருடமாகியும் தான் இன்னும் நான்கு பேருக்குத்தான் அரிசி களைவதாகவும், மீந்த சோற்றை இரவு நாய்க்குப் போடும்போது நெஞ்சை அடைப்பதாகவும் சொன்னார். வீட்டில் ஒருமுறை இதைச் சொன்னதற்கு, 'அரிசியைக் குறைச்சுப் போட்டா முடிஞ்சுது' என்று பதில் வந்ததாம். அது சரியான யோசனைதான். ஆனால் அவருக்கு அது உதவவில்லை, ஏனென்றால் அவர் பேசியது அரிசியைப் பற்றி அன்று. அந்த அரிசியைப் பற்றி நாங்கள் ஒரு மாதம் பேசினோம்: இருபத்திரண்டு வருடம் அந்த அடுப்படியில் தான் யாராக இருந்தார், இப்போது யாராக இருக்கிறார் என்பதைப் பற்றி. ஒருநாள் அவராகவே அளவைக் குறைத்தார். அன்று நன்றாக அழுததாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் உறக்கம் சிறிது சிறிதாகத் திரும்பியது.

அமர்வு என்பது பெரும்பாலும் வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம். குறுக்கே பேசுபவர் இல்லை, தீர்ப்புச் சொல்பவர் இல்லை, கேட்டதை மறுநாள் இன்னொருவரிடம் சொல்பவரும் இல்லை. கூடவே சிறு முயற்சிகளும் உண்டு. மனம் சரியாகட்டும், பிறகு வெளியே போகலாம் என்று காத்திருப்பவரை, முதலில் பக்கத்து வீடுவரை போய்வந்து, மனம் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்வோம். மனம் தெளிந்தால்தான் உடல் அசையும் என்று நாம் நம்புகிறோம். பல சமயம் உடல் அசைந்த பிறகே மனம் தெளிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதிகாலை விழிப்பும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது. உங்கள் வயதில் தைராய்டுக் குறைவும், இரத்தசோகையும், மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் இதே போன்ற சோர்வைத் தரக்கூடும். ஆகவே இந்த வாரமே அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆலோசனையை அதற்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம். வீட்டுக்காரரின் சொல்லைப் பொருட்படுத்தாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லில் கோபத்தைவிட அச்சமே அதிகமாகத் தெரிகிறது. முதல் நாள் அவரையும் அழைத்து வாருங்கள். கால் மணி நேரம் அவரும் பேசட்டும்.

மனநல மருத்துவர், உளவியலாளர், ஆலோசகர் என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள். என் மாணவர்களின் பெற்றோருக்கு யாரிடம் போகச் சொல்வது?
— ஆசிரியர், கூடலூர்

மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்று, மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். இம்மூவரில் மருந்து எழுதும் தகுதி அவருக்கு மட்டுமே உண்டு. மருத்துவ உளவியலாளர் சோதனைகள் செய்பவர், பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பவர். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆலோசகர் உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுநிலைப் படிப்பும் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சியும் பெற்றவராக இருத்தல் நல்லது. எந்தப் படிப்பு, எங்கே பயிற்சி என்று கூச்சமின்றிக் கேட்கச் சொல்லுங்கள். முறையானவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மூன்று அமர்வில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவேன் என்பவரையும், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரையும் விட்டு விலகச் சொல்லுங்கள்.

காதில் குரல் கேட்பது, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புவது, நாட்கணக்கில் உண்ணாமலும் உறங்காமலும் இருப்பது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதலே நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் உண்டு. மற்றவற்றுக்கு ஆலோசகரிடமிருந்து தொடங்கலாம். மருந்து தேவைப்பட்டால் அவரே மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்.

அக்கா, கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் வேலை பார்க்கிறேன், வயது 24. சீசன் முடிந்ததிலிருந்து திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் போலிருக்கிறது. ஈசிஜி எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். வத்தலக்குண்டு இறங்கும் பேருந்தில் ஒருமுறை வந்ததிலிருந்து பேருந்தே ஏறுவதில்லை. கவுன்சலிங் போக ஆசைதான். ஆனால் எங்கள் ஊர் சின்னது, ஏரியை ஒரு சுற்று வருவதற்குள் பத்துப் பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். விஷயம் வெளியே வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?
— வாசகர், கொடைக்கானல்

தம்பி, உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. மலையூரில் ஒருவர் எந்தக் கடையில் தேநீர் குடித்தார் என்பதே மாலைக்குள் தெரிந்துவிடும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாக வைத்திருக்க வேண்டியதைச் சட்டக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. எங்களைப் போன்ற ஆலோசகர்களுக்கு அது தொழிலறமும் ஆகும். விதிவிலக்கு மிகக் குறைவு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், நீதிமன்றம் கேட்டாலும், தேவையான அளவு மட்டும் சொல்ல நேரலாம். முதல் அமர்விலேயே இந்த விதிவிலக்குகளைச் சொல்லிவிடுவது நல்ல ஆலோசகரின் வழக்கம்.

படியேறிப் போவதுதான் தடை என்றால் தொலைபேசியில் தொடங்குங்கள். 'டெலிமானஸ்' என்ற அரசின் இலவச மனநலச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் பேசலாம். விருந்தினர் அறையைக் காலி செய்துவிட்டுப் போன முற்பகலில், ஆளில்லாத அந்த அறைகளில் ஒன்று உங்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும் அல்லவா?

உங்களுக்கு நடப்பதைப் பற்றி ஒரு விளக்கம். ஆபத்து வந்தால் ஓடவும் எதிர்க்கவும் உடலைத் தயார்செய்யும் ஏற்பாடு நம் எல்லாருக்குள்ளும் இருக்கிறது: அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும். ஆபத்தே இல்லாத நேரத்தில் அந்த அபாய மணி தவறி அடித்துவிடுவதைத்தான் நீங்கள் அனுபவிக்கிறீர்கள். அது சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கிவிடும். அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு கொடுமையானவை என்பதையும் நான் அறிவேன். அதைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் பேருந்தை விட்டதுதான். இன்று பேருந்து, நாளை கடைவீதி, பிறகு வேலை என்று தவிர்ப்பவை பெருகப் பெருக வாழ்க்கை அறைக்குள் சுருங்கிவிடும். இதற்கென்றே நன்கு சோதிக்கப்பட்ட பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது. அதில் ஆலோசகர் உங்களோடு சேர்ந்து ஒரு படிவரிசை போடுவார்: முதல் வாரம் பேருந்து நிலையத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது, அடுத்து பெருமாள்மலை வரை ஒரு துணையோடு போய்வருவது, பிறகு தனியாக. வத்தலக்குண்டு கடைசியில் வரட்டும். உங்கள் வயதில், இவ்வளவு தெளிவாக எழுதக்கூடியவர் இதிலிருந்து மீண்டு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அம்மா, எனக்கு 66 வயது. பதினைந்து வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவன். வீடும் இல்லை நாடும் இல்லை என்று நின்றபோது எங்களுக்கு யார் ஆலோசனை சொன்னார்கள்? போன ஆவணியில் என் வீட்டுக்காரி தவறிவிட்டாள். கவலை வருவது கூலி போதாமல். கூலியை உயர்த்தினால் பாதிக் கவலை தீரும். உதகைக்குப் போய்ப் பேசிவிட்டு வர ஒரு நாளும் போகும், கையில் இருக்கும் காசும் போகும். வசதியுள்ளவர்களின் விஷயத்தை ஏன் ஏழைகளுக்குச் சொல்கிறீர்கள்?
— வாசகர், பந்தலூர் வட்டம்

ஐயா, கூலி பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவரிடம் நல்லதையே நினையுங்கள் என்று சொல்வது அவமதிப்பு. கூலியும் வீடும் மருத்துவமும் தர வேண்டிய இடத்தில் ஆலோசனையைக் கொடுத்து ஒப்பேற்றுவதை நானும் ஏற்க மாட்டேன். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் உங்கள் தலைமுறையை எண்ணிக்கையாகப் பிரித்துக்கொண்டது. அதைப் பற்றி உங்களிடம் ஒரு சொல் கேட்க அன்று யாரும் வரவில்லை என்பதும் உண்மை.

பேருந்துச் செலவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஜிம்பாப்வே நினைவுக்கு வந்தது. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் காசு இல்லாமல் வராதிருந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இழப்பு அவரைச் சிந்திக்க வைத்தது. 2006இல் அவர் பதினான்கு பாட்டிமாரைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, வெளியே மர பெஞ்சுகளில் உட்கார வைத்தார். மனச்சோர்வுக்கு அங்கே மக்கள் வழங்கும் சொல்லின் பொருள் 'அதிகமாக யோசித்தல்'. நம் பக்கத்தில் 'யோசனை ஜாஸ்தி' என்கிறோமே, அதேதான். பாட்டிமார் கேட்டார்கள், வந்தவரின் சிக்கல்களில் ஒன்றை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்கு ஒரு சிறு அடி எடுத்துவைக்கத் துணை நின்றார்கள். 2016இல் வெளியான ஆய்வு, அந்த பெஞ்சில் பேசியவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகும் நோய்க்குறிகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததைக் காட்டியது. நம் நாட்டில் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை பேச வைத்தார்கள். மூன்று மாதத்தில் நூற்றுக்கு 64 பேர் மீண்டிருந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 பேர்.

ஆகவே இது வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடி வரும் பணியாளர், உறக்கம் எப்படி, எதிலாவது நாட்டம் இருக்கிறதா என்று இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்டு, பதிலை உட்கார்ந்து கேட்கவும் பயிற்சி பெற்றால், பந்தலூரிலிருந்து யாரும் உதகைக்கு ஒரு நாளை இழந்து போக வேண்டியிராது. இதை நான் கூட்டங்களிலும் தொடர்ந்து கேட்டு வருகிறேன்.

இனி உங்களுக்கு. நீங்கள் எனக்கு எழுதியது மூன்று பக்கம். அதை இங்கே சுருக்கித்தான் தந்திருக்கிறோம். இரண்டே முக்கால் பக்கம் கூலியும் தோட்டமும் முகாமும். நடுவில் ஒரே ஒரு வரி, உங்கள் மனைவியைப் பற்றி. அந்த வரியை நான் பலமுறை படித்தேன். அவரும் உங்களோடு அதே கப்பலில் வந்தவரா, இங்கே வந்து கண்டவரா, வீட்டில் இப்போது யார் உலை வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அச்சில் போடுவதற்காக அன்று. அவரைப் பற்றி மட்டும் எழுதி ஒரு கடிதம் எனக்கு அனுப்புங்கள். பதில் அஞ்சலில் வரும்.

என் மனைவி ஒரு மாதமாக வாரந்தோறும் ஆலோசனைக்குப் போகிறார். முகத்தில் சிறிது தெளிவு தெரிகிறது, மகிழ்ச்சிதான். ஆனால் என்னைப் பற்றி அங்கே என்ன சொல்கிறாரோ என்ற கலக்கம் எனக்கு. திரும்பி வந்ததும் என்ன பேசினீர்கள் என்று கேட்டால் முகம் வாடிவிடுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், குன்னூர்

உங்களைப் பற்றியும் பேசியிருப்பார், ஐயா. இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தவரைப் பற்றிப் பேசாமல் தன்னைப் பற்றிப் பேசுவது எப்படி? ஆனால் அந்த அறையில் உங்கள் மேல் வழக்கு நடப்பதாக எண்ண வேண்டாம். அவர் தன் பக்கத்தைத் தானே கேட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் சில வாரம் கோபமாகத் தெரிவது அடுத்த வாரமே வருத்தமாக மாறலாம், பரிவாகவும் மாறலாம். பாதியில் கேட்டால் பாதிதான் கிடைக்கும், அது உங்கள் இருவரையும் புண்படுத்தும். கலக்கம் தாங்கவில்லை என்றால், 'எனக்கும் ஒருநாள் வரலாமா என்று கேட்டுச் சொல்' என்று அவரிடமே நேராகச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆலோசகர்கள் அதற்கு இடம் தருவார்கள்.

அவர் போய்வரும் நாளில் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் அழைத்து வாருங்கள். வழியில் காய்கறி விலையைப் பேசினாலும் போதும். அன்று இரவு அடுப்படி வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பேசத் தோன்றினால் பேசட்டும், தோன்றாவிட்டால் பேசாமலே படுத்து உறங்கட்டும்.